தாலியை அறுக்கச் சொன்னது நான்தான்

அச்சரப்பாக்கம் பெருமாள் கோயில் தெருவில் குடியிருக்கும் திருநாவுக்கரசு என்பவரின் மனைவி ஜோதிலட்சுமி, வயது 39, சொந்தமாக உரக்கடை நடத்துபவள், இன்று காலை யாரும் கூப்பிடாமல் நானாகவே பஸ் ஏறி காவல் நிலையத்துக்கு வந்து கொடுக்கும் வாக்குமூலம்.

படகுக்காரர் மோசஸ் கடலுக்குள் என் தாலியை அறுத்து எடுத்துக்கொண்டார் என்று என் கணவர் நேற்று மாலை இங்கே புகார் கொடுத்து, அதன் பேரில் மோசஸைப் பிடித்து வைத்திருக்கிறீர்கள். அறுத்தது உண்மை. எடுத்தது பொய். நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை நானும் என் கணவரும் மாமல்லபுரத்தை அடுத்த மீனவர் குப்பத்தில் இருந்து, கண்ணாடி மாட்டிக்கொண்டு கடலுக்குள் மீன் பார்க்கும் படகில் போனோம். கல்பாக்கத்தில் இருந்து வந்த ஒரு குடும்பமும் உடன் இருந்தது. போனில் வந்த விளம்பரத்தில் தீவுப் பயணம் என்று போட்டிருந்தது. போய்ப் பார்த்தால் தீவும் இல்லை, தென்னையும் இல்லை, அலை இறங்கினால் தலை காட்டும் இரண்டு பாறைகள்தான். அதற்காக நான் புகார் சொல்ல வரவில்லை, மீன் நிறைய இருந்தது.

இறங்கும் முன் மோசஸ், "அக்கா, செயினு, வளையலு, ஊக்கு எல்லாம் கயட்டி டப்பாவுல போட்டுடுங்க. கீய பாறையில கிழிஞ்ச வலை சிக்கிகினு கீது, மாட்டிக்கினா பேஜாரு" என்று சொன்னார். நான் வளையலையும் தோட்டையும் கழற்றிக் கொடுத்தேன். தாலியை யாரும் நகைக் கணக்கில் சேர்ப்பதில்லை, நானும் சேர்க்கவில்லை. எல்லாப் பெண்களையும் போல மஞ்சள் கயிற்றில் நாலைந்து ஊக்கு கோத்து வைத்திருந்தேன், அதுவும் நினைவுக்கு வரவில்லை.

அதன் பிறகு லைஃப் ஜாக்கெட் போட்டு இறங்கி, வரி போட்ட மீன் கூட்டம் ஒன்றின் பின்னாலேயே பாறைப் பக்கம் போனேன். அப்போது வெளியே வந்து தொங்கிய தாலிக்கயிற்றின் ஊக்கு வலையில் மாட்டியது. ஜாக்கெட் என்னை மேலே இழுத்தது, வலை கழுத்தைப் பிடித்துக் கீழே இழுத்தது. மூச்சு விட வாயில் வைத்திருந்த குழாய் கழன்று உப்புத்தண்ணீர் குடித்தேன். கையைத் தூக்கி ஆட்டினேன். படகில் நின்று வீடியோ எடுத்துக்கொண்டிருந்த என் கணவர், நான் டாட்டா காட்டுகிறேன் என்று நினைத்து அவரும் கையை ஆட்டினார். அவருக்கு நீச்சல் தெரியாது, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

அதன் பிறகு மோசஸ் குதித்து வந்து வலையை அறுக்கப் பார்த்தார். பந்தாகச் சுருண்டு கிடந்ததால் அறுபடவில்லை. கத்தி என் கழுத்துப் பக்கம் வந்து, தாலியைப் பார்த்ததும் நின்றுவிட்டது. எனக்கு மூச்சு முட்டியது. நான்தான் அவர் கையைப் பிடித்துக் கயிற்றின் மேல் வைத்து அழுத்தினேன். அறுத்தார். தாலி வலையோடு கீழே போனதை என் கண்ணால் பார்த்தேன். என்னைப் படகில் ஏற்றிய பின், தேடிப் பார்ப்பதாகச் சொல்லி மறுபடி குதிக்கப் போனவரை, "போவாத நைனா, உசுரு இருந்தா போதும்" என்று தடுத்தவளும் நான்தான்.

கரைக்கு வந்ததும் என் கணவர் என்னைக் காரில் உட்கார வைத்துவிட்டுப் போய்ப் புகார் கொடுத்திருக்கிறார். ஏன் என்று வழியில் கேட்டேன். "நான் கட்டுன தாலிய இன்னொருத்தன் அறுத்தான்னா ஊரே என்னப் பாத்து சிரிக்கும். திருடிகினான்னு சொன்னா ஒருத்தனும் வாயத் தொறக்க மாட்டான்" என்றார். "உங்க மானத்துக்கு என்னக் காப்பாத்துனவன் ஜெயிலுக்குப் போவணுமா?" என்று கேட்டேன்.

இப்போது அவரும் என் பின்னாலேயே வந்து வெளியே நிற்கிறார். கையெழுத்துப் போட்டால் வேறு தாலி கட்ட மாட்டேன் என்கிறார். நான் தாலியோடு செத்திருந்தால் சுமங்கலியாகப் போனாள் என்று மஞ்சள் பூசித் தூக்கியிருப்பார்கள், ஊரும் மெச்சியிருக்கும். அந்தப் பெருமை எனக்கு வேண்டாம். மோசஸை விட்டுவிடுங்கள்.

எழுதியதை ஏட்டம்மா படித்துக் காட்டினார், நான் சொன்னபடியே இருக்கிறது. யாரும் மிரட்டி இதைச் சொல்லவில்லை. மிரட்டிய பிறகும் சொல்கிறேன்.

(ஒப்பம்) ஜோதிலட்சுமி