தொழில் தொடங்க வந்தவர்களுக்கு ஓர் எலுமிச்சம்பழம்

விராலிமலையில் வேலோடு நிற்கும் என் அப்பன் முருகனை முதலில் வணங்கி, என் முகத்துக்கு நேரே முறைத்துக்கொண்டு நிற்கும் இந்த மைக்கை இரண்டாவதாக வணங்கித் தொடங்குகிறேன்.

அன்பே அணிகலனாக, அடக்கமே ஆசனமாக அமர்ந்திருக்கும் வல்லத்திராக்கோட்டை மாதர் சங்கத் தலைவர் பிச்சையம்மாள் அவர்களே, டென்மார்க் தேசத்திலிருந்து கடல் கடந்து, கரை கடந்து, கடைசியாக நம் ஊர் வாய்க்கால் பாலத்தையும் கடந்து, அதுதான் கடினமான பகுதி, உயிரோடு வந்து சேர்ந்திருக்கும் நீல்சன் துரை அவர்களே, உடன் வந்திருக்கும் துரைசாணி அம்மாள் அவர்களே, நம் தமிழை அவர்களுக்கும் அவர்கள் பேச்சை நமக்கும் ஆக்கித்தரும் தலைமையாசிரியர் ரெங்கராஜ் அவர்களே, தாய்மார்களே, தாய்மார்கள் சொல்லி வந்திருக்கும் தகப்பன்மார்களே, வேப்பமர நிழலில் அமர்ந்திருப்பவர்களே, நிழல் கிடைக்காமல் நின்றிருப்பவர்களே, உங்கள் எல்லோருக்கும் மீனாளின் வணக்கம்.

நான் பள்ளிக்கூடம் போனவள் அல்ல. மளிகைச் சாமான் கட்டி வரும் காகிதத்தைப் பிரித்துப் பிரித்து எழுத்துக் கற்றவள். அதனால் எனக்குத் தெரிந்த கதைகளில் பாதிக்குத் தொடக்கம் கிடையாது, பாதிக்கு முடிவு கிடையாது. இன்றைய பேச்சுக்கு இரண்டும் உண்டு என்று தலைவரிடம் வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

நீல்சன் துரை முந்திரிக்கொட்டை உடைக்கும் கொட்டகை ஒன்று போட வந்திருக்கிறார். இங்கே போடுவதா, கொல்லத்தில் போடுவதா என்பதை இன்று ஆறு மணிக்கு ஜீப்பில் ஏறுவதற்குள் முடிவு செய்யப் போகிறார். நம் பெண்கள் நாற்பத்திரண்டு பேர் வேலைக்குப் பெயர் கொடுத்திருக்கிறார்கள். நடவு முடிந்தால் நம் ஊரில் வேலை ஏது? மாதக்கணக்கில் தஞ்சாவூர்ப் பக்கம் அறுப்புக்குப் போய்க் கிடக்கிறார்களே, போகும்போது இடுப்பில் இருந்த பிள்ளை திரும்பி வரும்போது அம்மாவை அடையாளம் தெரியாமல் அழுகிறதே, அது நிற்க வேண்டாமா? ஆகையால், 'எங்கள் நாடு எப்படிப்பட்டது, இங்கே தொழில் செய்ய வருகிறவர் என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்று கால்மணி நேரத்தில் எடுத்துச் சொல்' என்று தலைவர் எனக்குக் கட்டளையிட்டிருக்கிறார்.

வாத்தியார் ஐயா, இவ்வளவையும் சொல்லிவிட்டீர்களா? நான் பேசியது ஒரு முழம், நீங்கள் பேசியது ஒரு சாண்.

"சுருக்கிச் சொன்னேங்க ஆச்சி."

சுருக்க வேண்டாம் ஐயா, பெருக்கிச் சொல்லுங்கள். டென்மார்க்கிலிருந்து வந்தவருக்கு ஒரு சாணா?

இனி வருவதைக் கொஞ்ச நேரம் மொழிபெயர்க்க வேண்டாம். இது நமக்குள். துரை அவர்கள் பக்கம் திரும்பி எல்லோரும் சிரித்த முகமாக இருங்கள்.

மூன்றாவது வரிசையில், மடியில் கூடையோடு, மேடைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறாளே, அவள்தான் அழகி. பேருந்து நிற்கும் இடத்தில் எலுமிச்சம்பழம் விற்பவள். இன்று காலை ஆறரை மணிக்கு அவள் கடை திறந்து, தண்ணீர் தெளித்து, சாமி கும்பிட்டு நிமிர்ந்தபோது ஜீப் வந்து நின்றது. துரை இறங்கினார். ஒரு பழத்தை எடுத்தார். முகர்ந்தார். விலை கேட்டார். கூட வந்த நம் வாத்தியார் கேட்டுச் சொன்னார். துரை அதை நோட்டில் எழுதிக்கொண்டார். பழத்தை வைத்துவிட்டு ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்.

பாருங்கள், கூட்டமே உச்சுக்கொட்டுகிறது. அன்றைய முதல் வியாபாரம் போணி. போணிக்கு வந்தவர் வாங்காமல் போனால் அந்த நாள் போயிற்று. காலையில் எண்ணி வைத்த ஐம்பது பழமும் அப்படியே கூடையில் இருக்கின்றன. அழகி சொல்லிவிட்டாள், "போணியைக் கெடுத்த மனுசன் கொட்டகைக்கு நான் வரமாட்டேன், ஆச்சி." மற்ற நாற்பத்தொரு பேரும் சொல்லிவிட்டார்கள், "அழகி வரலைன்னா நாங்களும் வரலை." ஆகவே நாம் இப்போது எங்கே நிற்கிறோம்? ஓர் எலுமிச்சம்பழத்தின் மேல் நிற்கிறோம்.

தலைவர் என் காதோடு சொன்னார், விருந்தாளி மனம் நோகும், பழத்தைப் பற்றி மேடையில் பேசாதே என்று. பேச மாட்டேன். பொதுவாக, நாட்டைப் பற்றித்தான் பேசுவேன். வாத்தியார் ஐயா, இனி மொழிபெயர்க்கலாம்.

துரை அவர்களே, எங்கள் சீமைக்குக் கிழக்கே மணமேல்குடியில் கடல் இருக்கிறது. மற்ற மூன்று பக்கமும் உறவினர்கள் இருக்கிறார்கள். மழை பெய்தால் நாங்கள் வானத்தைப் பார்ப்போம். பெய்யாவிட்டால் இன்னும் உற்றுப் பார்ப்போம். வெயிலைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் மூக்கைப் பார்த்தாலே தெரிகிறது.

அளவைகள் பற்றி அறிய வேண்டாமா? அவசியம் அறிய வேண்டும். எங்களிடம் படி உண்டு, சேர் உண்டு, வீசை உண்டு. இப்போது கிலோ என்று ஒன்று வரப்போவதாகச் சொல்கிறார்கள், வரட்டும், அதற்கும் ஒரு மூலையில் இடம் கொடுப்போம். நயா பைசா வந்து மூன்று வருஷமாயிற்று. விலை சொல்வது அணாவில், கொடுப்பது பைசாவில், சண்டை போடுவது இரண்டிலும்.

போக்குவரத்து? காலை எட்டு மணி பஸ் ஒன்பதே காலுக்கு வரும். ஒரே ஒரு நாள் எட்டு மணிக்கே வந்தது. ஊரே பயந்துவிட்டது. யாரும் ஏறவில்லை.

என்ன மலையாண்டி அண்ணே, கையைத் தூக்குகிறீர்கள்?

"ஆச்சி, அது அன்னைக்கு வர வேண்டிய பஸ் இல்லை. முந்தின நாளு பஸ்சு. டயர் வெடிச்சு ராத்திரி பூரா அங்கிட்டே நின்னுட்டு வந்துச்சு."

கேட்டீர்களா துரை அவர்களே, எங்கள் ஊரில் புள்ளிவிவரங்கள் எவ்வளவு துல்லியமாகக் கிடைக்கின்றன என்று.

விடுமுறை நாட்களைப் பற்றி உங்கள் நோட்டில் ஒரு கேள்விக்குறி போட்டிருப்பதாக வாத்தியார் சொன்னார். நான் எழுதிக் கூட்டி வைத்திருக்கிறேன். கோயில் திருவிழா, கல்யாணம், காதுகுத்து, நாத்தனார் வந்த நாள், நாத்தனார் கோபித்துக்கொண்டு போன நாள், சமாதானம் பேசி அழைத்து வந்த நாள், ஆக மொத்தம் தொண்ணூற்றேழு. வருஷத்தில் மிச்சம் இருநூற்று அறுபத்தெட்டு. அந்த இருநூற்று அறுபத்தெட்டு நாளும் எங்கள் பெண்கள் பேசிக்கொண்டே உடைப்பார்கள். பேச்சு நின்றால்தான் நீங்கள் பயப்பட வேண்டும். வாய் நின்றால் கையும் நின்றுவிடும்.

இதற்கெல்லாம் மேலாக ஒன்று உண்டு. எங்கள் நாட்டில் பெரிய கம்பெனிக்கும் அதுதான், பெட்டிக்கடைக்கும் அதுதான். கப்பலில் அரிசி ஏற்றினவருக்கும் அதுதான், கூடையில் கீரை ஏற்றினவளுக்கும் அதுதான். அது என்ன? சட்டமா? அல்ல. வரியா? அல்லவே அல்ல. அதற்கு நான் ஒரு சீப்பின் கதையைச் சொல்ல வேண்டும்.

எனக்குக் கல்யாணமாகி நாற்பத்தோராம் நாள். இவர்களோடு, அதோ தூணுக்குப் பின்னால் ஒளிந்து நிற்கிறார்களே முத்துராமன் செட்டியார், அவர்களோடு விராலிமலைக்குப் போனேன். அடிவாரத்தில் விடிகாலையில் வீரய்யா என்றொருவர் சீப்புக் கடை விரித்திருந்தார். நான் ஒரு சீப்பை எடுத்தேன். விலை கேட்டேன். வைத்துவிட்டேன். புதுப்பெண் அல்லவா, வாங்கித் தருவார்கள் என்று இவர்கள் முகத்தைப் பார்த்தேன். இவர்கள் மயிலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

படியேறத் தொடங்கினோம். பின்னால் ஒரு குரல்.

"ஆத்தா, முக்கால் விலைக்கு எடுத்துக்க."

நான் வெட்கத்தில் வேகமாக ஏறினேன். ஐம்பதாவது படியில், "ஆத்தா, அரை விலை." நூறாவது படியில், "கால் விலை." எனக்குப் பயம் வந்துவிட்டது. இந்த மனிதர் ஏன் என்னைத் துரத்துகிறார்? இருநூறு படிக்கு மேல் ஏறி, மூச்சு வாங்க, சந்நிதிக்குள்ளேயே வந்து நின்றார். சொன்னார், "ஆத்தா, சீப்பு விக்கணும்னு இல்லை. நீ தொட்டுட்டு வெறுங்கையோட போயிட்டா எனக்கு இன்னைக்குப் பொழுது விடியாது. ஒத்தைக் காசு குடுத்து எடுத்துக்கம்மா, ஒனக்குப் புண்ணியமாப் போகும்."

குருக்கள் திரும்பிப் பார்த்தார். "என்ன வீரய்யா, அதிசயமா இருக்கே. அடிவாரத்துல பன்னெண்டு வருசமாக் கடை போடுறே, இன்னைக்குத்தான் மேல வந்திருக்கே." வீரய்யா விழித்தார். திரும்பினார். முருகன் நின்றிருந்தான். கையில் சீப்போடு அவர் கும்பிட்டதை நான் பார்த்தேன். ஒரு காசுக்கு ஒரு சீப்பை விற்க வந்தவருக்கு அன்று கிடைத்தது என்ன என்று எந்த நோட்டில் எழுதுவது? இரண்டு பல் உடைந்துவிட்டது, அந்தச் சீப்பில்தான் இன்றும் தலை வாருகிறேன்.

ஆகவே அன்பான விருந்தினர்களே, இந்த நாட்டில் தொழில் தொடங்க ஆங்கிலம் வேண்டாம், அட்வான்ஸ் வேண்டாம், ஆபீஸ் கூட வேண்டாம். காலையில் முதலில் கடைக்கு வருகிறவனை எங்கள் ஆட்கள் வாங்குகிறவனாக நினைப்பதில்லை. வரம் கொடுக்க வந்தவனாக நினைக்கிறார்கள். நீங்கள் எடுத்துப் பார்த்து வைத்தது பழம் அல்ல.

மன்னியுங்கள் தலைவர் அவர்களே, வந்துவிட்டது. வாயிலிருந்து வந்ததைத் திரும்ப விழுங்க எனக்குத் தெரியாது.

வாத்தியார் ஐயா, ஏன் நின்றுவிட்டீர்கள்? சொல்லுங்கள். "ஆச்சி, விருந்தாளிங்க..." என்று இழுக்காதீர்கள். நாற்பத்திரண்டு பேர் உங்கள் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். காலையில் நடந்தது, அழகி சொன்னது, மற்றவர்கள் சொன்னது, எல்லாம் சொல்லுங்கள். சாண் கணக்கு வேண்டாம், முழம் முழமாகச் சொல்லுங்கள்.

சொல்லிவிட்டார். துரையின் முகம் மூக்கைவிடச் சிவந்துவிட்டது. துரைசாணி அம்மாள் அவரிடம் ஏதோ கேட்கிறார்கள். மொழி தெரியாவிட்டாலும் அது என்ன கேள்வி என்று இங்குள்ள எல்லாப் பெண்களுக்கும் தெரியும். அதோ, அம்மாள் எழுந்துவிட்டார்கள். மேடையை விட்டு இறங்கிவிட்டார்கள். மலையாண்டி அண்ணே, காலை மடக்கி வழி விடுங்கள். துரையும் பின்னால் போகிறார். அழகி, திரும்பு. திரும்பு தாயே. முதுகுக்கு யாரும் போணி பண்ண முடியாது.

துரை ஒரு ரூபாய் நோட்டை நீட்டுகிறார். ஒரு பழத்தை எடுத்துக்கொண்டு, மிச்சம் வேண்டாம் என்று கையைக் காட்டுகிறார். அழகி நோட்டைத் தள்ளிவிட்டாள். அவளுக்கு மைக் இல்லை, அவள் சொல்வதை நான் சொல்கிறேன், கேளுங்கள்.

"நான் என்ன பிச்சையா கேட்டேன்? பழம் ரெண்டு பைசா. ஒண்ணு வேணுமா, அம்பதும் வேணுமா, கேட்டுச் சொல்லுங்க வாத்தியாரே."

வாத்தியார் கேட்கிறார். துரை காலையில் விலை எழுதிய நோட்டை எடுத்து ஏதோ கணக்குப் போடுகிறார். துரைசாணி அம்மாள் கணக்குப் போடவில்லை. கூடையையே தூக்கிவிட்டார்கள். ஐம்பதும். அழகி ரூபாயைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். சுருக்குப் பைக்குள் போட்டாள். கயிற்றை இழுத்துவிட்டாள்.

பெரியோர்களே, தாய்மார்களே, மேடையில் எலுமிச்சம்பழம் கொடுத்து விருந்தினரை வரவேற்பது நம் வழக்கம். ஐம்பது பழத்தோடு திரும்பி மேடையேறுகிற அம்மாள் என்ன செய்கிறார்கள் பாருங்கள். தலைவருக்கு ஒன்று, வாத்தியாருக்கு ஒன்று, எனக்கு ஒன்று, இதோ முன்வரிசைக்கு ஒவ்வொன்று. யார் யாரை வரவேற்கிறார்கள் என்பது எனக்குப் புரியவில்லை. புரிய வேண்டாம். முருகனுக்குப் புரிந்தால் போதும்.

அழகி ஏதோ கேட்கிறாள். அமைதி, அமைதி.

"கொட்டகைக்குக் காலையில எத்தனை மணிக்கு வரணும்னு அந்தத் துரையைக் கேளுங்க. நான் அதுக்கு முன்னாடி கடை திறந்து போணி பண்ணிட்டு வந்துருவேன்."

துரை தலையசைக்கிறார், சிரிக்கிறார். ஜீப் டிரைவரைப் பார்த்து, இப்போது வேண்டாம் என்று கையைக் காட்டுகிறார். மணி ஆறு அடிக்கிறது. ஜீப் நிற்கிறது.

கால்மணி நேரம் கேட்டு ஐம்பத்திரண்டு நிமிஷம் எடுத்துக்கொண்டேன். பொறுத்த தலைவருக்கும், முழம் முழமாக மொழிபெயர்த்த வாத்தியாருக்கும், நிழலில் இருந்தவர்களுக்கும், வெயிலில் நின்றே கேட்ட அதிகப் புண்ணியவான்களுக்கும், தூணுக்குப் பின்னாலிருந்து இன்னும் வெளியே வராத என் வீட்டுக்காரர்களுக்கும் நன்றி. போகும்போது கையிலிருக்கும் பழத்தை மறந்துவிடாமல் எடுத்துப் போங்கள். அது நம் நாட்டுக்கும் டென்மார்க்குக்கும் நடந்த போணி. எல்லோருக்கும் வணக்கம்.