ரெண்டு இருபத்தஞ்சு அட்டை

டோல்கேட்டுக்கு முன்னால் எங்கள் வேன் அரை மணி நேரமாக நகரவில்லை. டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டார். இருட்டில் ஆறு பேரும் நெருக்கி உட்கார்ந்திருந்தோம். நான் சொல்ல ஆரம்பித்தேன்:

"ராத்திரி ரெண்டு மணி. இதே மாதிரி ஒரு டோல்கேட். சுத்தி ஒரு வீடு கிடையாது... என் ஃபிரெண்டோட மாமாவுக்கு அங்க கணக்கெடுக்கற வேலை. எத்தனை பூத் திறந்தா வரிசை குறையும்னு பாக்கணும்."

"அவரு கணக்கெடுத்துதான் நாம இப்படி நிக்கறோமா?" என்றான் என் மச்சினன்.

"பேசாம கேளுடா. மாமா வரிசையோட வால்ல நிப்பாரு. வர்ற வண்டிக்கெல்லாம் அப்ப என்ன மணியோ அதை எழுதி ஒரு அட்டை குடுப்பாரு. பூத் கிட்ட நெட்டைன்னு ஒருத்தன். அந்த அட்டையைத் திருப்பி வாங்குவான். அப்பத்தான் யாரு எவ்ளோ நேரம் காத்திருந்தாங்கன்னு தெரியும். ரெண்டு பேருல ஒருத்தரைத்தான் நிரந்தரமாக்குவேன்னு எஞ்சினியர் சொல்லிட்டாரு. அதனால ஒருத்தர் மேல ஒருத்தருக்கு ஒரு கண்ணு.

ரெண்டு பத்துக்கு வாக்கி டாக்கியில நெட்டை. 'அண்ணே... ஒரு அட்டை வந்திருக்கு. ரெண்டு இருபத்தஞ்சுன்னு போட்டிருக்கு. உங்க கையெழுத்துதான்.'

இன்னும் வராத நேரம்!

பய நம்ம கணக்கைக் கெடுக்கப் பாக்கறான்னு மாமாவுக்கு சந்தேகம். 'எடத்தை மாத்திக்கலாம். நீ வாலுக்கு வா'ன்னாரு. பூத்தைப் பாத்து நடந்தாரு. ரெண்டு பக்கமும் லாரி... டீசல் புகை... எதிர்ல நெட்டையைக் காணோம். லாரிக்கு அந்தப் பக்கமாப் போயிருப்பான்னு நெனச்சுக்கிட்டாரு.

பூத்துக்கு வந்து நின்னாரு. மணி ரெண்டு இருபத்தஞ்சு. வாக்கி டாக்கி கரகரன்னுச்சு.

'என்னண்ணே, என்னை வரச்சொல்லிட்டு நீங்களே இங்க வால்ல நின்னு எழுதிக் குடுக்கறீங்க?'"

மச்சினன் ஜன்னல் கண்ணாடியை மூடினான்.

"மாமாவுக்குக் கோவம் தலைக்கேறிடுச்சு. கிடைச்ச பஸ்ஸைப் புடிச்சு வீட்டுக்குப் போயிட்டாரு. விடிஞ்சும் ஆத்திரம் அடங்கல. நெட்டைக்கு போன் போட்டாரு. 'என்னையா ஏமாத்தறே? எஞ்சினியர்கிட்ட சொல்லி உன் வேலைக்கு உலை வெக்கறேன் பாரு!'

அந்தப் பக்கம் ஒரு ஃபேன் சுத்தறது மட்டும் கேக்குது... டக்... டக்...

அப்புறம் நெட்டை குரலைத் தாழ்த்திக் கேட்டான். 'யாருங்க நீங்க? அண்ணன் என் பைக்லதானே வந்தாரு... இதோ, எங்க வீட்டு ஹால்ல படுத்திருக்காரு.'"