வரலாற்றுக்கு ஒரு ஆள் குறைகிறது

முனிராஜ்: ...காலையில மட்டும்தாங்க வகுப்பு. மதியத்தோட முடிஞ்சிடும். ரெண்டாவது ஷிப்ட் போறவங்ககூட சேரலாம்... சரிங்க, பாத்துப் போங்க.

மாதேஸ்வரி: ஏன்டா, ராத்திரியெல்லாம் நின்னுட்டு இப்பத்தான் கம்பெனி பஸ்ஸ விட்டு எறங்கறாளுங்க. தூக்கக் கலக்கத்துல ஒன் நோட்டீஸ ஹாஸ்டல் விளம்பரம்னு நெனச்சுக் கசக்கிப் போட்டுட்டுப் போறாளுங்க.

முனிராஜ்: அக்கா... நீ மத்திகிரி ஸ்டாப்பிங்லதான எறங்குவ?

மாதேஸ்வரி: ஒன்னப் பாத்துட்டு இங்கயே எறங்கிட்டேன். குடு, நானும் பாக்கறேன். எம்.காம்., எம்.பி.ஏ., கம்ப்யூட்டரு, தமிழு... வரலாற்ற மட்டும் பெரிய எழுத்துல போட்டிருக்க.

முனிராஜ்: மத்ததெல்லாம் நெறஞ்சிடுச்சுக்கா. கம்ப்யூட்டருக்கு சிபாரிசோட வர்றாங்க. எங்களுக்குத்தான்...

மாதேஸ்வரி: எத்தன பேரு குறையுது?

முனிராஜ்: ஒரே ஒரு ஆள். நாளைக்குள்ள சேரலன்னா எம்.ஏ. வரலாறு இந்த வருஷம் கெடையாதுன்னுட்டாங்க.

மாதேஸ்வரி: அப்ப ஒனக்கு?

முனிராஜ்: எனக்கென்ன... டீ குடிக்கிறியா?

மாதேஸ்வரி: பேச்ச மாத்தாத.

முனிராஜ்: நான் கெஸ்ட் லெக்சரர்தானக்கா. புள்ளைங்க இருந்தா வாத்தியாரு. இல்லன்னா வீட்டுக்குப் போவ வேண்டியதுதான்.

மாதேஸ்வரி: ம்... ஒங்க காலேஜ் கேம்பஸ் மொதமொதல்ல கல்யாண மண்டபத்துல நடந்துச்சாமே, நெசமா?

முனிராஜ்: ஆமாக்கா. மேடையில எம்.காம்., பந்தி போடற எடத்துல தமிழு. வாசல்ல வாழமரம் கட்டினா மறுநாள் லீவுன்னு அர்த்தமாம். அப்பறந்தான் பாறை மேட்டுல சொந்தக் கட்டடம் வந்துச்சு.

மாதேஸ்வரி: நான் பி.ஏ. முடிச்சப்ப அந்த மண்டபங்கூட இல்ல. மேல படிக்கணும்னா சேலம் போவணும். நம்ம ஊரு அஞ்செட்டியில பஸ்ஸுக்கு நிக்கறதுலயே பொழுது போயிடும்னு அப்பா பேச்ச முடிச்சிட்டாரு.

முனிராஜ்: ஒம் புத்தகத்தப் பாத்துதான நானும் வரலாறு எடுத்தேன்.

மாதேஸ்வரி: எங்கடா பாத்த... ராணிங்களுக்கெல்லாம் மீசை வரைஞ்சு வெச்சவன்தான நீ.

முனிராஜ்: சிரிக்காதக்கா. நீ கம்பெனிக்குப் போனதாலதான் நான் எம்.ஏ. முடிச்சேன். அத நெனச்சா எனக்குச் சோறு எறங்கல.

மாதேஸ்வரி: அதெல்லாம் இப்ப எதுக்கு... ஆமா, நேத்து எங்க போன?

முனிராஜ்: நேத்தா... கேம்பஸ்லதான். பரிட்ச பேப்பர் திருத்திட்டு இருந்தேன்.

மாதேஸ்வரி: நாள் பூராவா?

முனிராஜ்: ...பூரா.

மாதேஸ்வரி: என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு.

முனிராஜ்: அடுத்த பஸ் வருதுக்கா, இரு...

மாதேஸ்வரி: சொல்லுடா தம்பி. நான் என்ன அடிக்கவா போறேன்.

முனிராஜ்: ஒங்க கம்பெனிக்குத்தான்கா வந்தேன். இண்டர்வியூ. திங்கக்கெழம வந்து சேரச் சொல்லிட்டாங்க. நீ மட்டும் எத்தன காலம் நின்னே கால் வீங்கறது... நானும் நிக்கறேன்.

மாதேஸ்வரி: வேல கெடச்சிடுச்சுன்னா இன்னிக்கு எதுக்கு இங்க நின்னு நோட்டீஸ் குடுக்கற?

முனிராஜ்: மனசு கேக்கல. மத்தவங்க சேந்துட்டு எம்மேல நம்பிக்கையா ஒக்காந்திருக்காங்க. நான் போனாலும் வேற யாராவது வந்து எடுப்பாங்க. அதுக்கு வகுப்புன்னு ஒண்ணு இருக்கணுமில்ல.

மாதேஸ்வரி: மொத வகுப்பு எப்பன்னு சொன்னாங்க?

முனிராஜ்: திங்கக்கெழமதான்... ஒரு ஆள் இல்லாம ஏதுக்கா வகுப்பு?

மாதேஸ்வரி: ஆள் சேந்தாச்சு. நேத்து கேம்பஸ்ல இருந்தவ நான்டா. ஷிப்ட் முடிஞ்சு தூங்காமக்கூட நேரா போயி சேந்துட்டேன். இனிமே எப்பவும் மதியம் போற ரெண்டாவது ஷிப்டே போடுங்கன்னு சூப்பர்வைசர்கிட்டயும் கேட்டு வாங்கிட்டேன். ஒனக்காகன்னு நெனச்சுக்காத, அப்பத்துலேருந்தே எனக்கு ஆச. ஒங்கிட்டதான் மொதல்ல சொல்லணும்னு ஒங்க ஸ்டாஃப் ரூம்ல வந்து தேடினா ஆளையே காணோம்... நீயும் கம்பெனிக்கு வந்துட்டா எனக்கு யாருடா பாடம் எடுப்பா?