ஆல்வினுடைய தொண்டை

அறிவுச்செல்விக்கு,

கடிதம் எழுதினால் தேதியை வலது மேல்மூலையில் போட வேண்டும் என்று வடமதுரைப் பள்ளிக்கூடத்தில் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். நாலு நாளாக எழுதுவதால் எந்தத் தேதியைப் போடுவது என்று தெரியாமல் விட்டுவிட்டேன். போனில் நீங்கள் கேட்டது ஒரே கேள்விதான்: "பொன்னண்ணே, ஆல்வின் ரிப்போர்ட் வந்தன்னிக்குக் கவுன்டர்ல யாரு இருந்தா?" போனில் எனக்குக் கோர்வையாகப் பேச வராது. எழுத்தில் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

உங்கள் 'கேட் மூடியிருக்கு' குழுவை நான் முதலில் கேட்டது ஆறு வருஷத்துக்கு முன்னால், மாதா கோயில் திருவிழா மேடையில். பக்திப் பாட்டுக் கச்சேரிக்கு நடுவில் உங்களுக்கு இருபது நிமிஷம் கொடுத்திருந்தார்கள். பங்க் ராக் என்ற பேரே எனக்கு அப்போது தெரியாது. தண்ணி லாரிப் பாட்டு பாதியில் இருக்கும்போது கமிட்டிக்காரர் ஒயரைப் பிடுங்கிவிட்டார். முகேஷ்குமாரின் கிடார் அடங்கிப்போனது. நீங்கள் டிரம்ஸை நிறுத்தவில்லை. ஆல்வின் மைக் இல்லாமலே கத்திப் பாடினார், கடைசி வரிசை வரைக்கும் கேட்டது. நாற்பது வயசுக்காரன், கையில் முறுக்குப் பொட்டலத்தோடு நின்று அழுதேன். நான் யாரிடமும் குரலை உயர்த்திப் பேசினவன் இல்லை. எனக்குள் இருந்ததை இன்னொருத்தர் தொண்டையிலிருந்து கேட்டது மாதிரி இருந்தது.

அதற்கப்புறம் ஒரு நிகழ்ச்சியையும் விட்டதில்லை. மொத்தம் நாற்பத்தொன்று. ஒவ்வொன்றுக்கும் மறுநாள் ஆல்வினுக்கு ஒரு கடிதம், நம்பர் போட்டு. "கட்டிக்கப் போற பிள்ளைகூட இம்புட்டு எழுதாதுண்ணே" என்று உங்கள் எல்லாருக்கும் முன்னால் கிண்டலடிப்பார். ஆனால் அத்தனையையும் கிடார் பெட்டிக்குள் வைத்திருந்தார். நான் பார்த்திருக்கிறேன்.

போன வருஷத் தொடக்கத்தில் அவர் குரலில் ஒரு கரகரப்பு ஏறியது. தகரத்தைச் சிமென்ட் தரையில் இழுப்பது மாதிரி. அதற்கு முன்னால் அவர் பாடியதெல்லாம் வெறும் ஒத்திகை என்று மூன்று கடிதத்தில் எழுதினேன். எச்சில் விழுங்கவே வலிக்கிறது என்று பிறகுதான் சொன்னார். எங்கள் ஆஸ்பத்திரிக்கு அவரைக் கூட்டி வந்ததும் நான்தான். அதையும் நீங்கள் நினைத்துப் பார்க்க வேண்டும்.

சதை எடுத்துப் பரிசோதனைக்கு மதுரைக்கு அனுப்பினால் ரிப்போர்ட் இங்கிலீஷில் வரும். தொண்டை டாக்டர் வியாழக்கிழமை மட்டும்தான் வருவார். அதனால் ஜனங்கள் கவரை வாங்கிப் பிரித்து, கவுன்டரில் இருக்கும் என்னிடமே நீட்டி, என்ன போட்டிருக்கிறது என்று கேட்பார்கள். பயப்பட ஒன்றுமில்லை என்றால் அப்படியே பஸ் ஏறிவிடுவார்கள், டாக்டருக்காக மறுபடி காத்திருக்க மாட்டார்கள். பதினேழு வருஷமாக இப்படித்தான் நடக்கிறது. அதுவரை ஒருத்தரிடமும் நான் தப்பாகப் படித்துச் சொன்னதில்லை.

ஏப்ரல் பதினொன்றாம் தேதி கவுன்டரில் நான்தான் இருந்தேன். புற்று என்று போட்டிருந்தது. ஆரம்ப நிலை என்றும் போட்டிருந்தது. கழுத்தில் ஓட்டையோடு, அதை மறைக்கத் துணி கட்டிக்கொண்டு வருகிறவர்களுக்கு டோக்கன் கொடுக்கிறவன் நான். ஆல்வின் கவுன்டர் கம்பியில் தாளம் தட்டிக்கொண்டிருந்தார்.

"சொல்லுங்கண்ணே, பாடலாமா, கூடாதா?"

"கத்திக் கத்திப் புண்ணாயிருக்கு தம்பி, வேறொண்ணுமில்ல. பாடுங்க."

பேப்பரைக் கேட்டார். ஆஸ்பத்திரி ஃபைலில் இருக்க வேண்டும் என்றேன். வியாழக்கிழமை டாக்டர் விசாரித்தபோது, அவர்கள் மதுரையிலேயே வைத்தியம் பார்த்துக்கொள்கிறார்களாம் என்றேன். அந்தக் கவர் என் வீட்டு டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. கேட்டால் தந்துவிடுகிறேன்.

மே மாதம் சென்னை நிகழ்ச்சி முடிந்ததும் சொல்லிவிடுவதாகத்தான் இருந்தேன். சென்னையில் அவர் பாடியதைக் கேட்டபிறகு எப்படிச் சொல்வது? அடுத்தது கொச்சி, அப்புறம் கோயம்புத்தூர். நீங்கள் தேதி வாங்கிக்கொண்டே போனீர்கள், என் கையில் என்ன இருந்தது? நவம்பரில் ஒட்டன்சத்திரத்தில் பாட்டு முடிந்து துண்டில் ரத்தம் துப்பினார். அன்றைக்குப் பாடினது மாதிரி அவர் என்றைக்கும் பாடினதில்லை. நாற்பத்தொன்றாம் கடிதத்தில் அதை எழுதியிருக்கிறேன்.

குரல்வளையை முழுசாக எடுத்துவிட்டார்கள். ஏப்ரலிலேயே வந்திருந்தால் கதிர்வீச்சுக் கரண்ட் வைத்தே குணமாக்கியிருக்கலாம், குரலும் தங்கியிருக்கும் என்று டாக்டர் சொன்னதாகச் சொன்னீர்கள். எனக்கு அது தெரியாது. கேட்டிருக்கலாமே என்பீர்கள். கேட்டிருந்தால், முதலில் பாட்டை நிறுத்தச் சொல்லியிருப்பார்கள்.

ஆல்வினுக்கு இன்னும் இது தெரியாது. சொல்வதும் சொல்லாததும் உங்கள் இஷ்டம்.

ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அவர் வீட்டுக்குப் போகிறேன். "நீங்க ஒருத்தர்தாய்யா விடாம வாரீக" என்று அவர் அம்மா வியாகுலம்மாள் காப்பி கொடுப்பார். ஒட்டன்சத்திரத்தில் பதிவு செய்ததைப் போனில் போட்டுத் தலைமாட்டில் வைப்பேன். ஆல்வின் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வார். கண்ணை மூடிக் கேட்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன், இதுவும் அப்படித்தான். போன வாரம் கையை நீட்டிப் போனைப் பிடிக்கப் பார்த்தார். சத்தம் பத்தவில்லை போலிருக்கிறது. முழுசாகக் கூட்டி, அவர் கை எட்டாதபடி அலமாரி மேல் வைத்தேன். அங்கிருந்து நன்றாகக் கேட்கும்.