களிம்பேறிய பெட்டி

உங்கள் அறையில் ஏர்கான் சொட்டுகிறது, இன்ஸ்பெக்டர் புவான் விமலா. தண்ணீர் வெளியே போகும் குழாயில் பாசி அடைத்திருக்கும், ஒருமுறை ஊதிவிட்டால் சரியாகிவிடும். புது மிஷின் மாட்டச் சொல்லி யாராவது வந்தால் நம்பாதீர்கள். இந்தத் தொழிலில் ஏமாற்றுகிறவர்கள் அதிகம். நான் அந்த ரகம் இல்லை. ஈப்போ பக்கத்து லகாட்டில் இருபத்திரண்டு வருஷமாக வண்டிகளுக்கு வயரிங் வேலை செய்கிறேன். யேசுதாசன் கை வைத்த வண்டி அதே கோளாறோடு திரும்பி வந்ததே கிடையாது.

என் அக்கா புருஷன் லயனல் மச்சானைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். நல்ல மனிதர். கல்யாணங்களுக்குக் கூடாரமும் நாற்காலியும் வாடகைக்கு விடுகிற தொழில். எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் காசு வாங்காமல் நாற்காலி இறக்கிவிட்டு, காப்பியும் ஊற்றிக் கொடுப்பார். எனக்கு வேலை போனபோது லகாட்டில் கடை பார்த்துக் கொடுத்தவரும் அவர்தான். அந்த உதவியை நான் மறக்கவில்லை. மறக்க அவர் விட்டால்தானே.

“இவன் எங்கிட்ட வந்தப்போ காலுல ஜப்பான் சிலிப்பர்கூட இல்லலா. கடைக்கு சைன்போர்டுகூட நாந்தான் சாயம் அடிச்சேன்.”

இதை எத்தனை கல்யாணங்களில் சொன்னார் என்று எனக்குக் கணக்குத் தெரியாது. என் கல்யாணத்திலும் சொன்னார், என் மகளின் ஞானஸ்நானத்திலும் சொன்னார். சிலிப்பர் இருந்தது, புவான். நீல வார். அதை வாக்குமூலத்தில் சேர்த்தாலும் சரி, சேர்க்காவிட்டாலும் சரி.

போன வருஷக் கடைசியில் அவருடைய பிக்கப் வண்டி சேட்டை பண்ணத் தொடங்கியது. இந்தக் காலத்து வண்டிகளில் ஹார்ன், வைப்பர், விளக்கு, கதவுப் பூட்டு எல்லாவற்றுக்கும் உத்தரவு போடுவது ஒரு சின்ன மின்னணுப் பெட்டி. பாடி கண்ட்ரோல் மாட்யூல் என்பார்கள், நாங்கள் பி.சி.எம். என்போம். டேஷ்போர்டுக்கு அடியில் உட்கார்ந்திருக்கும். அதற்குப் புத்தி பிசகினால் வண்டிக்குப் பேய் பிடித்த மாதிரிதான். வெயிலில் வைப்பர் ஆடும். பூட்டிய கதவு தானே திறந்துகொள்ளும். புஷ்பலதா டீச்சரின் அடக்க ஆராதனையில், பாதிரியார் “நித்திய இளைப்பாற்றி” என்று ஆரம்பித்ததும், வாசலில் நின்ற பிக்கப் யாருமே தொடாமல் விடாது ஹார்ன் அடித்தது.

“டீச்சர் கடைசியா அட்டெண்டன்ஸ் எடுக்கிறாங்க,” என்றார் மச்சான். டீச்சரின் கணவர்கூடச் சிரித்துவிட்டார். அப்படிச் சிரிக்க வைக்கத் தெரிந்தவர். பிறகு என் பக்கம் கையை நீட்டி, “வயரிங் யாரு, நம்ம தாசன்தான்லா,” என்றார். அந்த வண்டியின் வயரிங்கை அதுவரை நான் தொட்டதே இல்லை.

தொட்டுப் பார்த்தேன். முன்கண்ணாடியின் ரப்பர் ஓரம் விட்டிருந்தது. மழைத் தண்ணீர் அதன் வழியாக இறங்கி, நேராகப் பெட்டியின் தலையில் சொட்டியிருக்கிறது. உள்ளே முனைகள் எல்லாம் பச்சைக் களிம்பு. வேறு எவனாவது இருந்தால் ஹார்னை மாற்று, வைப்பர் மோட்டாரை மாற்று என்று ஒவ்வொன்றாகக் கழற்றியிருப்பான். நான் ஒரு மணி நேரத்தில் கண்டுபிடித்தேன். கமுந்திங்கில் உதிரிபாகம் விற்கிறவரிடமிருந்து புதுப் பெட்டி வரவழைத்தேன். பேட்டரியைக் கழற்றி, பழையதை எடுத்து, புதியதைப் பொருத்தி, வண்டியின் எண்ணையும் இரண்டு சாவிகளையும் லேப்டாப் வழியாக அதற்குச் சொல்லிக் கொடுத்தேன். கண்ணாடி ஓரத்தைப் புதிதாக ஒட்டினேன். பிறகு மழையே இல்லாத என் பட்டறையில் உட்கார்ந்து, அரை மணி நேரம் அந்த வைப்பர் ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவ்வளவு அழகு. அன்றைக்குக் குளிக்கும்போது பாடினேன் என்று என் மனைவி ஜெனட் சொன்னாள்.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டில் சாப்பாடு. இருபது பேர் இருப்பார்கள். மச்சான் கோழிக்காலைக் கையில் பிடித்துக்கொண்டே ஆரம்பித்தார்.

“பெட்டிய மாத்துனது யாருன்னு நெனைக்கிறீங்க? நம்ம தாசன் லேப்டாப்ப தொறந்து வச்சுக்கிட்டு கமுந்திங்காரனுக்கு போன் போட்டான். அவன் அங்கேருந்து சொல்லச் சொல்ல, இவன் இங்க அமுக்குறான். நான் பக்கத்துலதானே நின்னேன். இந்த வேலைய எங்க வீட்டுப் பூனைகூடச் செய்யும்லா.”

நான் போன் செய்தது பாகத்தின் எண்ணைச் சரிபார்க்க. அது ஒழுங்கான வேலைக்காரன் செய்கிற காரியம். விளக்கிச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். ஜெனட் சிரித்ததில் அவளுக்குப் புரையேறியது. நான்தான் அவள் தலையில் தட்டித் தண்ணீர் கொடுத்தேன்.

செவ்வாய்க்கிழமை மச்சான் வண்டியைக் கொண்டுவந்தார். சனிக்கிழமை கடலோரத்து லூமுட்டில் ஒரு கல்யாணம், நாற்காலி ஏற்றிப் போக வேண்டும், அதுவரை வண்டி கொட்டகையில்தான் நிற்கும், எதற்கும் ஒருமுறை பார்த்துவிடு என்றார். பார்த்தேன். குறையே இல்லை. அவர் எதிர்க்கடைக்கு ரொட்டி சாப்பிடப் போன நேரத்தில் புதுப் பெட்டியைக் கழற்றிவிட்டுப் பழையதை மாட்டினேன். அதற்கு வண்டியின் எண்ணும் சாவியும் ஏற்கெனவே தெரியும், லேப்டாப் தேவைப்படவில்லை. களிம்பைத் துடைத்ததால் வெயில் இருக்கும்வரை ஒழுங்காக வேலை செய்யும். கண்ணாடி ஓரத்தில் நான் ஒட்டியிருந்ததை ஒரு விரல் நீளத்துக்குச் சுரண்டி எடுத்தேன். எல்லாம் இருபது நிமிஷம். அவர் திரும்பி வந்து, “என்னடா, பூனைய கூப்பிடவா?” என்றார். நானும் சிரித்தேன்.

அவருக்கு ஏதாவது ஆக வேண்டும் என்று நான் நினைக்கவில்லை என்று எழுதிக்கொள்ளலாம் என்றால் எழுதிக்கொள்ளுங்கள். பிற்பகலில் மழை வரும் என்பது ஈப்போவில் பிறந்த எவருக்கும் தெரியும்.

சனிக்கிழமை காலையில் அக்கா போன் செய்தாள். பெட்ரீசியா என் கூடப்பிறந்த ஒரே அக்கா, மச்சான் செல்லமாகப் பெட்டி என்பார். “தாசா, நானும் அவரோட லூமுட்டுக்குப் போறேன். வரும்போது ஜெட்டில மீன் வாங்கிட்டு வாரேன். உனக்கு என்ன மீனு வேணும்?”

வௌவால் மீன் வேண்டும் என்றேன். அதோடு, “நீ பின்சீட்டுல உக்காருக்கா, பெல்ட் போட்டுக்க,” என்றும் சொன்னேன். ஒரு தம்பி செய்ய வேண்டியதைச் செய்தேன். இன்றைக்கு அக்கா உயிரோடு இருக்கிறாள் என்றால் அதற்குக் காரணம் அந்த ஒரு வார்த்தை. இதை யாரும் சொல்வதில்லை.

மூன்றரைக்கு மழை பிடித்தது. திரும்பி வருகிற வழியில், சாலை நேராகப் போகிற இடத்தில், வைப்பர் நின்றுவிட்டது. அபாய விளக்கும் எரியவில்லை. முன்னால் எண்ணெய் எடுக்கிற செம்பனைக் குலை ஏற்றிய லாரி ஒன்று டயர் பஞ்சராகி நின்றிருக்கிறது. மச்சான் அந்த இடத்திலேயே இறந்துவிட்டார். அக்காவுக்கு இடுப்பெலும்பு முறிந்தது. வண்டியின் ஹார்ன் மட்டும் நாற்பது நிமிஷம் ஓயாமல் அடித்ததாம். தீயணைப்புக்காரர்கள் கண்ட கண்ட வயரை எல்லாம் வெட்டியிருக்கிறார்கள். என்னைக் கேட்டிருந்தால் எந்த ஃபியூஸ் என்று சொல்லியிருப்பேன்.

ஆஸ்பத்திரியில் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு அந்தக் கடைசி நிமிஷத்தைச் சொன்னாள். வைப்பர் நின்றதும் மச்சான் பதறவில்லையாம். “பயப்படாத பெட்டி, தாசனுக்கு போன் போடு. அவன் சொல்லுவான். அவனுக்குத் தெரியாத வயரு இந்த பேராக்குல கெடையாது,” என்றாராம்.

அக்கா போன் போட்டாள். ஏழு முறை மணி அடித்தது. அது எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். போன் மேசை மேல் இருந்தது, நான் அதற்கு எதிரே உட்கார்ந்திருந்தேன். வெளியே நல்ல மழை.

அவர் அப்படிச் சொன்னார் என்பதில் எனக்கு வருத்தம்தான். ஞாயிற்றுக்கிழமை அந்த இருபது பேர் முன்னால் சொல்லியிருக்கலாம்.

அடக்கத்துக்கு நானும் தோள் கொடுத்தேன். விபத்து என்றார்கள், மழை என்றார்கள், மச்சான் வேகமாக ஓட்டுவார் என்றார்கள். நான் எதற்கும் மறுப்புச் சொல்லவில்லை. அப்படியே போயிருக்கும். மூன்று மாதம் கழித்து நேற்று, உங்கள் வண்டிப் பரிசோதகரின் அறிக்கையை அக்கா ஊன்றுகோலோடு போய் வாங்கி வந்து, எனக்குப் படித்துக் காட்டச் சொன்னாள். அதில் ஒரு வரி இருக்கிறது. மின்னணுப் பெட்டி திறமையற்ற முறையில் பொருத்தப்பட்டதால் நீர் கசிந்து பழுதடைந்தது என்று. அக்கா என்னையே பார்த்தாள். “உனக்கு அவ்வளவுதான் தெரியும், நீ என்ன செய்வ,” என்று சொல்லி என் தலையைத் தடவினாள்.

இரவெல்லாம் தூக்கம் வரவில்லை. அதனால்தான் காலையில் கடையைக்கூடத் திறக்காமல் நேராக இங்கே வந்தேன். இந்தப் பையில் இருப்பதுதான் அந்தப் புதுப் பெட்டி. எடுத்துப் பாருங்கள், ஒரு கீறல் இல்லை. எந்த நிபுணரிடம் வேண்டுமானாலும் காட்டுங்கள். திறமையற்ற என்ற சொல்லை மட்டும் அடித்துவிடுங்கள், புவான். அந்த இடத்தில் கொலை என்று எழுதிக்கொள்ளுங்கள், நான் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்.