ஆகட்டும்னு சொல்லியே மெம்பர் ஆனவர்

கட்சி ஆபீஸ்லருந்துதான வர்றீங்க? வாங்கண்ணே. அவர் உள்ள குடோன்ல ஒருத்தரோட பேசிட்டிருக்கார், இப்ப வந்துடுவார். அந்த வாளி அடுக்கக் கொஞ்சம் தள்ளிட்டு ஸ்டூல்ல உக்காருங்க. ஃபாரத்தக் கையிலயே வச்சுக்கங்க, கீழ வச்சா என் மக தின்னுடுவா. பல்லு முளைக்குது அவளுக்கு.

சாயங்காலத்துக்குள்ள கையெழுத்து வேணும், அதான? போன்லயே சொன்னீங்களே. சட்டசபைக்கு நிக்கறதுன்னா சும்மாவா.

நீங்க நம்ம பாஷை பேசறது நல்லதாப் போச்சு. எனக்கு இந்த ஊர் பாஷை கடை அளவுக்குத்தான் வரும். அவர் மட்டும் என்ன, வந்து இறங்கின புதுசுல தள்ளுவண்டியில வாளியும் தொடப்பமும் வித்தப்ப முதல்ல கத்துக்கிட்டது இருக்குங்கற ஒரு வார்த்தைதான். ரெண்டாவது, நாளைக்கு வந்துடும். இல்லைங்கறத அவர் கத்துக்கவே இல்ல. அதச் சொன்னா வந்த வாடிக்கை அடுத்த கடைக்குப் போயிடும்னு பயம்.

இருங்க... யாரும் வரல, காத்துல கதவு ஆடுது.

பொதுச்சேவையும் அப்படி வந்ததுதாண்ணே. குழாய்க்கு வாஷர் வாங்க வந்த ஒரு அம்மா, எங்க தெருக் குழாயே ஒரு மாசமா ஒழுகுதுன்னு பொலம்பினாங்க. அவங்க வாஷரக் கேட்ட மாதிரியே நெனச்சுக்கிட்டு இவரு, நாளைக்கு ஆயிடும்னுட்டார். சொன்னப்புறம் செய்யணுமே. மறுநாள் நகராட்சி ஆபீஸ்ல இன்ஜினியர் மேசைக்கு எதிர்ல போய் உக்காந்தார். குழாய்க்கு ஆள் கிளம்பினதப் பாத்துட்டுத்தான் எந்திரிச்சார். அப்புறம் சாக்கடை, தெருவிளக்குன்னு ஆரம்பிச்சுது. கடைக்கு வர்றவங்கள்ல பாதிப்பேரு எதுவும் வாங்கறதே இல்ல. குடியுரிமைக் காகிதம் வந்த மறுவருஷமே வார்டு மெம்பருக்கு நில்லுங்கன்னாங்க. அதுக்கும் ஆகட்டும்தான். ஜெயிச்சும் தொலைச்சார்.

சிரிக்காதீங்க. பஸ் எங்க நிக்கணும்னு ரெண்டு தெருவுக்கும் சண்டை. இவரு ரெண்டு தெருவுக்கும் ஆகட்டும்னுட்டார். இப்ப நூறடிக்குள்ள பஸ் ரெண்டு தடவ நிக்குது. டிரைவர் தினம் நம்ம கடையப் பாத்துத் திட்டிட்டேதான் போறார்.

என் மக முதமுதல்ல அப்பான்னு கூப்பிட்டது யாரைன்னு நெனைக்கிறீங்க? எதிர்ச் செவுத்துல ஒட்டியிருந்த அவரு போஸ்டரை.

உள்ள யாரோட பேசறாரா? கோவிச்சுக்காதீங்கண்ணே. உங்க எதிர்க்கட்சிக்காரர்தான். அவரும் காலையிலயே ஃபாரத்தோட வந்துட்டார். உக்காருங்கண்ணே, எந்திரிக்காதீங்க. போன வாரம் உங்களுக்கு ஆகட்டும்னாரா, அதுக்கு முந்தின நாளே அவங்களுக்கும் சொல்லிட்டாராம். எனக்கும் சொன்னார். ரெண்டாவதும் வயித்துல இருக்குங்க, வார்டோட நிறுத்திக்குவோம்னேன். அதுக்கும் ஆகட்டும்னார். மூணு பேருக்கும் ஒரே வாய்.

காலையில அந்த அண்ணன்கிட்ட இதே கதையத்தான் சொன்னேன். அவரும் பிள்ள குட்டிக்காரர், தலைய ஆட்டிட்டு உள்ள போயிருக்கார். இவரா யாரையும் வேணாங்க மாட்டார், நாக்கு புரளாது. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்ணே... அந்த அண்ணன் வெளிய வந்ததும் நீங்களும் உள்ள போய், உங்க கட்சியில வேற ஆளப் போட்டாச்சு, இந்தத் தடவ உங்களுக்கு சீட்டு இல்லைன்னு சொல்லிடுங்க.