மூன்றாம் படி

உங்கள் சுவர்க் கடிகாரம் நான்கு நிமிடம் பிந்தி ஓடுகிறது, சேர். குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். வாக்குமூலத்தில் நேரம் எழுதுவீர்கள், பிறகு அந்தப் பிழை தாளிலேயே கிடக்கும் என்பதற்காகச் சொன்னேன்.

என் பெயர் உதயரூபன். ஊர் குருக்கள்மடம். இருபத்திரண்டு வருடமாக வாவியின் நீர்மட்டம் பார்ப்பதுதான் வேலை. தேற்றாத்தீவுக் கரையில், கண்ணா மரங்களுக்கு நடுவே ஓர் இரும்புத் தூண் நிற்கிறது. அதில் அடி, அங்குலம் எழுதிய பலகை. காலை ஆறு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் தண்ணீர் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பார்த்து நீர்ப்பாசனக் கந்தோருக்குச் சொல்வேன். இத்தனை வருடத்தில் பலகை காட்டாத ஓர் எண்ணை நான் எழுதியதில்லை. நீங்கள் எங்கே வேண்டுமானாலும் விசாரிக்கலாம்.

மற்றவர்களையும் எனக்குத் தெரியும். மழை நாளில் வீட்டில் இருந்தபடியே ‘நேற்றையைவிட இரண்டு அங்குலம் கூட’ என்று போனில் சொல்லிவிட்டுப் படுக்கிறவர்கள் இருக்கிறார்கள். அரையடியிலும் முழு அடியிலும் முடிகிற எண்ணைக் கண்டாலே எனக்குக் கள்ள எண் என்று பட்டுவிடும். வயல்காரர் தண்ணீர் கூட என்பார்கள், மீன்பிடிகாரர் குறைவு என்பார்கள். இரண்டு பேரையும் நான் நம்பமாட்டேன். அளக்கிறவனுக்குச் சந்தேகம்தான் கைமுதல்.

வாவிக்கும் கடலுக்கும் நடுவே ஒரு மணல் திட்டு இருக்கிறது. மாரியில் வாவி நிறையும்போது அதை வெட்டிவிட்டால் வெள்ளம் கடலுக்கு ஓடிவிடும். ஆற்றுவாய் வெட்டுதல் என்போம். பிந்தி வெட்டினால் வயல் வட்டையில் நெல் அழுகும். முந்தி வெட்டினால் இறாலும் மீனும் கடலோடு போய்விடும். வருடா வருடம் சண்டை. அதைத் தீர்க்கத்தான் ஒரு விதி வைத்தார்கள்: என் பலகை ஐந்தடி காட்டினால் வெட்டுவது.

அந்த விதியால் ஒரு விஷயம் ஒருவருக்கும் தெரியாமலே போயிற்று. வெட்டாமல் விட்டால் அந்தத் திட்டு எத்தனை அடியில் தானாக உடையும்? நான் ஒன்பது கோடை அதன் உயரத்தையும் அகலத்தையும் மணலின் பருமனையும் அளந்தேன். கணக்குப் போட்டதில் ஆறடி இரண்டு அங்குலம் வந்தது. ஒரு பேராசிரியருக்கு எழுதினேன். கணக்கு அழகாக இருக்கிறது, ஆனால் ஒரு தடவையாவது கண்ணால் கண்டிருக்க வேண்டும் என்று பதில் போட்டார். நியாயமான பதில். எனக்குத் தேவைப்பட்டது அந்த ஒரே ஒரு தடவை.

கண்ணகை அக்காவைப் பற்றிக் கேட்டீர்கள். தூணிலிருந்து அறுபது அடி தள்ளி, கரையோடு அவர்களுடைய வீடு. கணவர் இராசதுரை அண்ணன் தென்னையிலிருந்து விழுந்தவர், இடுப்புக்குக் கீழே அசைவில்லை. அவரை வெளியே கொண்டுபோவதென்றால் கட்டிலோடு தூக்க நாலு பேர் வேண்டும், ஒரு லேண்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் வேண்டும். வீட்டுக்குள் தண்ணீர் வருவதற்கு முதலே பாதை மூழ்கிவிடும். ஆகவே அக்காவுக்கு ஒரு நாள் முந்தித் தெரிய வேண்டும். வாவிக்குள் இறங்கும் கற்படிகளில் மூன்றாவது மூழ்கினால் பலகை ஐந்தடி காட்டும், அன்றைக்கே வெளிக்கிட வேண்டும். இது அவர் தானாகவே கண்டுபிடித்தது. ஒவ்வொரு மாரியும் சரியாக இருந்தது.

இந்த மார்கழியில் மழை விடாமல் பெய்த நாலாம் நாள், குடையோடு தோணியடிக்கு வந்தார்.

“தம்பி, மூணாம் படியும் தாண்டுட்டுது. பலகை எவ்வளவு காட்டுது?”

“மூண்டடி பத்து அக்கா.”

“எனக்கெண்டா கூடத்தான் தெரியிது. நாங்க இரிக்கிறதா, வெளிக்கிடுறதா?”

“படி சேத்துக்குள்ள புதைஞ்சிருக்கும். கல்லு தாழும், பலகை தாழாது.”

“அப்ப சரி. நீங்க அளந்து சொன்னா மறுகா என்ன கதை.”

போய்விட்டார். எனக்குக் கொஞ்சம் மனம் உறுத்தியது, மறைக்கவில்லை. ஆனால் அவர் வெளிக்கிட்டால் கரையிலுள்ள எல்லாரும் வெளிக்கிடுவார்கள். பிறகு கந்தோரிலிருந்து ஜீப் வரும். பலகையைப் பார்க்கிற கண்கள் கூடும்.

நான் பொய் சொல்லவில்லை, சேர். பலகை மூன்றடி பத்துக் காட்டியது, மூன்றடி பத்து என்று சொன்னேன். பலகை பூட்டியிருந்த உயரம்தான் வேறு. ஆவணியில், தண்ணீர் வற்றிக் கிடந்தபோது, நான்கு ஆணிகளைக் கழற்றிப் பதினான்கு அங்குலம் மேலே பூட்டியிருந்தேன். பலகை ஐந்தடி காட்டும்போது தண்ணீர் ஆறடி இரண்டு அங்குலத்தில் நிற்கும். அவர்களுடைய விதியையும் நான் மீறவில்லை.

அதற்கு மூன்றாம் நாள் காலை ஆறு மணிக்குத் தோணியில் போய்ப் பார்த்தேன். பலகை நாலடி பதினொன்று. அக்காவின் வாசலில் தண்ணீர் நின்றது. அவர் விறாந்தையில் நின்று கையசைத்துக் கூப்பிட்டார். நானும் கையசைத்தேன். தோணியில் இடம் இருந்ததா என்று நேற்று உங்கள் சார்ஜன்ட் கேட்டார். இருந்தது. ஆனால் திட்டு உடைகிற நேரத்துக்கு நான் அங்கே நிற்க வேண்டும் அல்லவா.

கரைக்கு வந்து மோட்டார் சைக்கிளில் திட்டுக்குப் போனேன். 6.34க்கு அக்காவின் முதல் அழைப்பு. 7.12க்குக் கடைசி. மொத்தம் ஏழு. எடுக்கவில்லை, எடுத்தால் திட்டிலிருந்து கண் விலகும். ஆனால் நேரங்களைக் குறித்து வைத்தேன். கொப்பி உங்கள் மேசையில்தான் இருக்கிறது.

திட்டோரம் நான் நட்டிருந்த அளவுகோலில் ஆறடி இரண்டு வந்தது. திட்டு உடையவில்லை. ஆறடி மூன்று. ஓர் ஓரமாக மணல் நனைந்து கறுத்தது. இன்னும் கொஞ்ச நேரம்தான். அப்போது வயல்காரர் நாற்பது பேர், பலகையையும் கேட்காமல் கந்தோரையும் கேட்காமல், மண் வெட்டுகிற பெக்கோவோடு வந்து இறங்கினார்கள். வெட்ட வேண்டாம் என்று கும்பிட்டேன். ஒருவரும் என்னைப் பார்க்கக்கூட இல்லை. மணலில் இருந்து அழுதேன், சேர். அம்மா செத்தபோதுகூட அப்படி அழவில்லை. ஒன்பது வருடம் வீணாய்ப் போயிற்று. ஆறடி நான்கு என்பது வெட்டிய அளவு, உடைந்த அளவு அல்ல. உங்கள் அறிக்கையில் அதை மாற்றி எழுதியிருக்கிறார்கள், தயவு செய்து திருத்துங்கள்.

வாவி வடிந்தபோது அக்கா வீட்டுப் பாதையிலுள்ள மதகடியில் இழுப்பு இருந்ததாம். அக்கா கதவைக் கழற்றி, அதில் அண்ணனைக் கிடத்தி, கழுத்தளவு தண்ணீரில் தள்ளிக்கொண்டு வந்திருக்கிறார். இரண்டு பேரையும் மறுநாள் கண்ணாப் பற்றைக்குள் பிணமாக எடுத்தார்கள். வெட்டியவர்களால் வந்த இழுப்பு அது. அதையும் நீங்கள் விசாரிக்க வேண்டும்.

படி உண்மையிலேயே புதைந்திருந்ததா என்று கேட்கிறீர்கள். இல்லை. அது எனக்கு ஆவணியிலேயே தெரியும். பலகையை மேலே பூட்டிய அன்று, உயரம் சரிதானா என்று ஒத்துப் பார்க்க அசையாத ஓர் இடம் தேவைப்பட்டது. மேசன்மார் மட்டம் பார்க்கிற தண்ணீர்க் குழாயின் ஒரு நுனியை நான் தூணடியில் பிடித்தேன். மறு நுனியைப் பிடிக்க அக்காவைத்தான் கூப்பிட்டேன். எதற்கு என்று அவர் கேட்கவில்லை.

“இப்பிடியே விரல வச்சிட்டு இரிந்தாக் காணுமா தம்பி?”

“காணும் அக்கா. அசையாம இரிங்க.”

மூன்றாம் படியில், வெயிலில், அரை மணி நேரம் குந்தியிருந்தார். இந்த வேலையில் நான் சந்தேகப்படாத ஒரே ஆள் அவர்தான். இதையும் எழுதிக்கொள்ளுங்கள், சேர். அவர் பிடித்த பக்கம் ஒரு நூல்கூடப் பிசகவில்லை.